காப்பி எடுத்தால் போட்டோவின் தரம் குறையாது

ஜேபெக் (போட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) படங்களை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யச் செய்யத் தரம் தேய்ந்துகொண்டே போகும், அதனால் பழைய படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இந்தத் திருத்தம்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிந்த காலத்தில் அது உண்மைதான், ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும். டிஜிட்டல் கோப்பு அப்படியல்ல. காப்பி செய்யும்போது அதிலுள்ள பைட்டுகள் அப்படியே எழுதப்படுகின்றன, படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை. தரம் போவது வேறு இடத்தில்: எடிட் செய்து திரும்ப ஜேபெக்காகச் சேமிக்கும்போதும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போதும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மூலக் கோப்பே போகும்.

நீங்களே சோதிக்கலாம். கணினியில் செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளை நிறுவி, மூலப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைப் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளம்) பாருங்கள். பிறகு பென் டிரைவில் உள்ள பிரதிக்கும் பாருங்கள். 64 எழுத்துகளும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட் கூட மாறவில்லை. என் பாட்டியின் 2009 படம் மூன்று டிஸ்க் மாறிவிட்டது, இன்றும் அதே மதிப்புதான் வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த அதன் பிரதியில் மட்டும் மதிப்பும் வேறு, சேலைக் கரையின் சரிகையும் மங்கல்.

டிஸ்க் என்றாவது ஒரு நாள் பழுதாகும். பயந்து ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே இன்னொரு பிரதி எடுங்கள்.