‘எல்லோரும்’ என்பதன் மறுப்பு ‘யாரும் இல்லை’ அல்ல

‘எல்லோரும் தேர்ச்சி பெற்றனர்’ என்பதன் மறுப்பு ‘யாரும் தேர்ச்சி பெறவில்லை’ என்பதுதான், தமிழ் வழக்கும் அதையே காட்டுகிறது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது தவறு.

ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து மெய்யாக முடியாது. சேர்ந்து பொய்யாகவும் முடியாது. பத்துப் பேரில் ஆறு பேர் தேர்ச்சி பெற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் தந்த இரண்டு வாக்கியங்களுமே பொய்யாகிவிடுகின்றன. பிறகு ஒன்று மற்றொன்றின் மறுப்பாவது எப்படி? சரியான மறுப்பு, ‘தேர்ச்சி பெறாதவர் ஒருவராவது இருக்கிறார்’ என்பதே. அரிஸ்டாட்டில் காலத்திலேயே பிரித்துக் காட்டப்பட்ட வேறுபாடு இது.

தமிழ் வழக்கைச் சான்றாக இழுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ‘எல்லோரும் தேர்ச்சி பெறவில்லை’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: ஒருவர்கூடப் பெறவில்லை என்பது ஒன்று, சிலர் பெறவில்லை என்பது இன்னொன்று. ‘எல்லோரும்’ என்பது மறுப்பின் வீச்சுக்குள், அதாவது ‘இல்லை’ என்பது மறுக்கும் பகுதிக்குள், அடங்குகிறதா, வெளியே நிற்கிறதா என்பதே வித்தியாசம்: வெளியே நின்றால் முதற்பொருள், உள்ளே அடங்கினால் இரண்டாவது. ‘எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிடவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவது பொருளே முன்னால் வந்து நிற்கும். ‘எல்லோருமே பெறவில்லை’ என்றால் முதற்பொருள் பக்கம் சாயும். மொழி இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை, அழகாகவே காட்டுகிறது.

1879இல் ஜெர்மன் தருக்கவியலாளர் ஃப்ரேகே வகுத்த தருக்கக் குறியீட்டில் இவ்விரு பொருளும் தனித்தனிச் சூத்திரங்களாகிவிடும். 1970 வாக்கில் அமெரிக்கத் தருக்கவியலாளர் ரிச்சர்ட் மாண்டேகு இத்தகைய தருக்கக் கருவிகளைக் கொண்டே மக்கள் பேசும் இயல்பான மொழியின் பொருளை ஆராய்ந்தார். தமிழ் எதிர்மறை வாக்கியங்களையும் அதே கண்ணோடு ஆராயலாம்.