மெட்டா டேக் மட்டும் போதாது
கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கருவிதான் சர்ச் கன்சோல். அதில் தளம் நம்முடையது என்று சரிபார்க்க, பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டில் ஒரு வரி சேர்க்கும் மெட்டா டேக் வழியை மட்டும் நான் படித்த கட்டுரை சொல்கிறது. கூகுள் அந்த வரியை அவ்வப்போது மறுபடி தேடிப் பார்க்கும். தளத்தின் தீம் (வடிவமைப்பு) மாற்றும்போது அது அழிந்துபோனால் சரிபார்ப்பும் காலாவதியாகிவிடும். டிஎன்எஸ் அமைப்பில் (டொமைன் பெயருக்கான பதிவுகள் இருக்கும் இடம்) டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற சிறு எழுத்துப் பதிவைச் சேர்ப்பதுதான் என் பரிந்துரை. துணை டொமைன்கள், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் முகவரிகள் எல்லாமே ஒரே இடத்தில் வந்துவிடும்.

அப்புறம், தேடல் முடிவுகளில் நம் தளத்தின் சராசரி இடம் இறங்கியதாகச் சர்ச் கன்சோல் காட்டினால் உடனே பதற வேண்டாம். புதிய தேடல் சொற்களுக்கு நம் தளம் தேடல் முடிவுகளின் நான்காம், ஐந்தாம் பக்கத்தில் தோன்ற ஆரம்பித்தாலே அந்த எண் மோசமாகத் தெரியும். ஆனால் கிளிக்குகள் குறைந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு தேடல் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள், உண்மை அங்கேதான் இருக்கிறது. சர்ச் கன்சோலில் தரவு கடந்த 16 மாதங்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால் மாதாமாதம் தரவிறக்கி வைப்பது மிக அவசியம்.