முதலில் கொன்ட்ராவைக் காப்பாற்றுங்கள்

ஸ்லோவாக்கியாவின் கிராமிய இசைக்குழுக்களை பாப் இசை என்ன செய்தது என்று பேச்செடுத்தால் எல்லாரும் டிரம்ஸையும் எலக்ட்ரிக் கிடாரையும்தான் கைகாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய இழப்பு, கொன்ட்ரா என்ற துணைவாத்தியம் காதில் விழாமல் போனதுதான்.

மெட்டை வாசிக்கும் முதல் வயலின்காரர் பிரிமாஷ். அடியில், கீழ்ஸ்வரங்களைத் தாங்கும் தந்தி வாத்தியமான பாசா. இரண்டுக்கும் நடுவே கொன்ட்ரா: வயலினாகவும் இருக்கும், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலாவாகவும் இருக்கும். இரண்டு தந்தி சேர்ந்தே ஒலிக்க வேண்டும் என்பதற்காக தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் வளைவைச் சீவித் தட்டையாக்குவதுண்டு. மெதுவான சார்தாஷ் நடனத்துக்கு வாசிக்கும் முறைக்கு 'துவாய்' என்று பெயர். வில்லை ஒரு பக்கம் இழுப்பதற்குள் இரண்டு அடி. இரண்டாவதில் ஓர் அழுத்தம். பிறகு எதிர்ப்பக்கம், அதே போல. ஆடுகிறவரின் கால் பிடித்துக்கொள்வது அந்த அழுத்தத்தைத்தான்.

கல்யாண வீட்டுக்கு கீபோர்டு வந்ததும் அதன் தானியங்கித் தாளம் இந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. பாஸ் ஒரு தட்டு, கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) ஒரு தட்டு, அவ்வளவுதான். மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போக வேண்டிய சார்தாஷ் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டதுபோல் நிற்கிறது.

சுருதியில் நடந்த சேதம் இன்னும் பழையது. கொன்சொவ்கா என்ற, விரல் வைக்கும் துளைகள் இல்லாத புல்லாங்குழலில் மத்திமம் நம் சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவில் விழும். ஹெலிகோன்கா என்ற பொத்தான் அக்கார்டியனில் அந்த ஸ்வரமே கிடையாது. அதில் இருப்பது கிட்டத்தட்ட சங்கராபரணம் மட்டும். அதோடு சேர்ந்து பாடப் பாட, பழைய பாட்டுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன.

1948-இல் லூச்னிட்சா, 1949-இல் ஸ்லூக் என்று பெரிய மேடைக்குழுக்கள் வந்தன. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் எழுதிவைத்த இசைக்குறிப்பும், எல்லா வட்டாரத்துக்கும் பொதுவான மெருகும் அவற்றோடு வந்தன. டெட்வாவைச் சுற்றியுள்ள பொட்போல்யானியே வட்டாரத்தில் 'ரொஸ்கஸொவாச்கா' என்றொரு வழக்கம்: ஆடப்போகிறவர் இசைக்காரர்கள் முன்னால் போய் நின்று முதல் அடியைப் பாடித் தனக்கு வேண்டிய பாட்டைக் கேட்பார். முகம் பிரிமாஷைப் பார்த்திருக்கும், முதுகு கூட்டத்துக்கு. கேமரா அவரைத் திருப்பி நிறுத்திவிட்டது. பாட்டைக் கேட்டு வாங்கியவர் இப்போது பார்வையாளர்களுக்குப் பாடிக்காட்டுகிறார்.

டெர்ஹொவா என்ற கிராமத்தில் இன்னும் மூன்று முதல் ஐந்து பேர், இரண்டே தந்தியுள்ள சிறிய பாசாவோடு வாசிக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த இசை. 2017-இல் ஸ்லோவாக் பொதுத் தொலைக்காட்சி நாட்டுப்புறக் கலைக்கென்றே ஒரு போட்டியையும் தொடங்கியது. அதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒலியமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கொன்ட்ராவைப் பின்னணி என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி மைக் வையுங்கள், வில் தந்தியைத் தொடும் இடத்தை நோக்கி. எதிரொலியை மிகக் குறைவாக விடுங்கள். கூட்டினால் துவாயின் இரண்டு அடியும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். வாசிப்பவரை பிரிமாஷின் வில் கண்ணில் படும் தூரத்தில் நிறுத்துங்கள். வேகம் ஏறுவதை அவர் அந்த வில்லைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்.