ஷேக்ஸ்பியர் என்ற பங்குதாரர்

ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஏப்ரல் 23 நெருங்கினால் முகநூலில் இரண்டு வகைப் பதிவுகள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்று, மகாகவி, பிறவி மேதை என்கிற வாழ்த்துமடல். இன்னொன்று, "பல்கலைக்கழகப் படியே மிதிக்காத கையுறைக்காரர் மகன் இதையெல்லாம் எழுதியிருக்கவே முடியாது, எழுதியது யாரோ ஒரு பிரபு" என்கிற துப்பறியும் பதிவு. அந்த மனிதர் தினமும் எங்கே வேலைக்குப் போனார், காசு எந்த வழியில் வந்தது என்று இரண்டு தரப்பும் கேட்பதே இல்லை. என் கட்சி இதுதான்: வில்லியம் ஷேக்ஸ்பியர் ஒரு நாடகக் கம்பெனியின் பங்குதாரர். அவர் எழுத்து அப்படி அமைந்ததற்கு அந்தப் பங்கு பெரிய காரணம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1590களின் லண்டனில் ஒரு நாடகத்தை முழுசாக எழுதிக் கம்பெனியிடம் கொடுத்தால் ஏறக்குறைய 6 பவுண்டு கிடைக்கும். ரோஸ் அரங்கின் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ எழுதி வைத்த கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு முன்பணம், எவ்வளவு பாக்கி எல்லாம் அதில் உண்டு. பணம் கைமாறியதும் எழுதியவருக்கும் நாடகத்துக்கும் உறவு முடிந்தது. எத்தனை முறை மேடையேறினாலும், அச்சுக்குப் போனாலும் அவருக்குச் சல்லிக்காசு வராது. பிரதி கம்பெனியின் சொத்து. அதே கணக்குப் புத்தகத்தில் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு நாடகத்துக்கு 6 பவுண்டு. அந்த நாடகத்தின் கதாநாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் 6 பவுண்டு 13 ஷில்லிங். எழுத்தைவிட உடுப்பு விலை அதிகம்.

பேனாவை மட்டும் நம்பியவர்கள் கதி என்ன ஆனது என்று பாருங்கள். ஹேவுட் ஏறத்தாழ 220 நாடகங்களில் தன் கை இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர், பணக்காரர் ஆகவில்லை. தாமஸ் டெக்கர் கடனுக்காக 1612 முதல் 7 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். எல்லா நாடகங்களையும் சேர்த்துத் தனக்கு 200 பவுண்டுகூடத் தேறவில்லை என்று பென் ஜான்சன் வாய்விட்டுச் சொன்னார்.

ஷேக்ஸ்பியர் 1597இல் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பெரிய வீடுகளில் ஒன்றான நியூ பிளேஸை வாங்கினார். பத்திரத்தில் 60 பவுண்டு. (பத்திர விலை வேறு, கைமாறிய விலை வேறு என்கிற சந்தேகம் அங்கேயும் உண்டு.) 1602இல் 107 ஏக்கர் நிலம், 320 பவுண்டு. 1605இல் ஊரின் தசமபாக வரி வசூல் உரிமையில் ஒரு பங்கு, 440 பவுண்டு. அந்த 440ஐ மட்டும் நாடகத்துக்கு 6 பவுண்டு வீதம் சம்பாதிக்க 73 நாடகத்துக்கு மேல் எழுத வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் எழுதி நமக்குக் கிடைத்தவை, பிறரோடு சேர்ந்து எழுதியதையும் கூட்டினாலும், 40ஐத் தொடவில்லை. ஆக, காசு வேறு கதவு வழியாக வந்திருக்கிறது.

அந்தக் கதவு திறந்தது 1594இல். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் பிளேக் நோயால் அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அந்த இடைவெளியில்தான் 'வீனஸும் அடோனிஸும்', 'லுக்ரீஸ்' என்ற இரண்டு நீள்கவிதைகளை எழுதி அச்சிட்டார். கவிஞராகவே இருந்து ஒரு பிரபுவின் தயவில் காலம் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அரங்குகள் திறந்ததும் புதிதாக அமைந்த லார்ட் சேம்பர்லின் கம்பெனியில் சேர்ந்தார். 1594 கிறிஸ்துமஸில் அரசி முன்னால் நடித்ததற்கு 20 பவுண்டு வழங்கிய அரண்மனைக் கணக்கில் கெம்ப், ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் பர்பேஜ் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. அவரைக் கம்பெனி ஆளாகக் காட்டும் முதல் ஆவணம் அதுதான்.

இங்கே இரண்டு வகைப் பங்கு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பெனிப் பங்கு என்பது நடிப்பவர்களுடையது: உடுப்பு, பிரதி, அன்றாடச் செலவு எல்லாம் போக மிச்சத்தைப் பிரித்துக்கொள்வார்கள். கட்டடப் பங்கு அரங்கின் உரிமையாளருடையது. முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி, மாடத்தில் உட்கார இன்னொரு பென்னி, மெத்தையோடு நல்ல இடம் வேண்டுமென்றால் மூன்றாவது பென்னி. முற்றத்துக் காசு நடிகர்களுக்கு. மாடத்து வசூலில் பாதி கட்டடத்துக்காரருக்கு. சாதாரணமாக நடிகனுக்கு இரண்டாவது பங்கு கிடைக்கவே கிடைக்காது. ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது, அதுவும் ஒரு நெருக்கடியால்.

கம்பெனி நடித்துக்கொண்டிருந்த 'தியேட்டர்' என்ற அரங்கை ஷோர்டிச்சில் 1576இல் கட்டியவர் ஜேம்ஸ் பர்பேஜ். மனை மட்டும் ஜைல்ஸ் ஆலன் என்பவருடையது, 21 ஆண்டுக் குத்தகை. குத்தகை முடிவதற்கு முன்பே மாற்று ஏற்பாடாக பர்பேஜ் 1596இல் பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் 600 பவுண்டுக்கு ஒரு மண்டபம் வாங்கினார். கூத்தும் கும்மாளமும் வேண்டாம் என்று அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் மனுப் போட்டு முடக்கிவிட்டார்கள். 1597 பிப்ரவரியில் பர்பேஜ் செத்துப்போனார், ஏப்ரலில் குத்தகை முடிந்தது. மகன்கள் கத்பர்ட், ரிச்சர்ட் இருவர் கையிலும் பயன்படுத்த முடியாத மண்டபம் ஒன்று, மனை இல்லாத அரங்கு ஒன்று, பணம் இல்லை.

1598 டிசம்பர் 28. ஆலன் ஊரில் இல்லாத கிறிஸ்துமஸ் வாரம். பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரோடு ஆட்களைக் கூட்டிப்போய்த் தியேட்டரைக் கழற்றினார்கள். மனை உன்னுடையது, மரம் எங்களுடையது என்பது வாதம். கட்டடத்தின் உயிரே அந்த ஓக் மரச் சட்டகம்தான். பொருத்துகளை விலக்கி எடுத்தால் வேறு இடத்தில் மறுபடி நிறுத்திவிடலாம். ஆலன் பிறகு கோர்ட்டுக்குப் போய் 800 பவுண்டு நஷ்டஈடு கேட்டார். மரமோ தேம்ஸ் நதிக்குத் தென்கரை போய் 1599இல் குளோப் அரங்காக நின்றது. அதற்குப் பணம்? சகோதரர்கள் பாதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை ஐந்து நடிகர்களுக்குக் கொடுத்தார்கள்: ஷேக்ஸ்பியர், ஹெமிங்ஸ், பிலிப்ஸ், போப், கெம்ப். ஆளுக்குப் பத்தில் ஒன்று. சீக்கிரமே கெம்ப் விலக, எட்டில் ஒன்று ஆனது. பிறகு ஆட்கள் சேரச் சேரப் பன்னிரண்டில் ஒன்று, பதினான்கில் ஒன்று என்று சுருங்கியது.

இந்தப் பங்கு எழுத்தில் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். மற்ற எழுத்தாளர்கள் இன்று ஒரு கம்பெனி, நாளை வேறு கம்பெனி என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். யார் நடிப்பார்கள் என்று உறுதியாகத் தெரியாது. இவருக்கு ஆட்கள் நிரந்தரம். ராஜபார்ட் ரிச்சர்ட் பர்பேஜ் என்று தெரிந்தேதான் ஹாம்லெட்டையும் ஒத்தெல்லோவையும் லியரையும் எழுதினார்.

பபூன் விஷயத்தில் இது அச்சிலேயே மாட்டிக்கொண்டது. 'மச் அடோ அபௌட் நத்திங்' 1600இல் அச்சானபோது நான்காம் அங்கத்து விசாரணைக் காட்சியில் டாக்பெரி பேசும் இடங்களில் பாத்திரத்தின் பெயருக்குப் பதிலாக 'கெம்ப்' என்றே இருக்கிறது. கூட நிற்கும் வெர்ஜஸுக்கு 'கௌலி'. இரண்டுமே நடிகர்களின் பெயர். 1599 ரோமியோ ஜூலியட் பதிப்பிலும் வேலைக்காரன் பீட்டர் வரவேண்டிய இடத்தில் 'வில் கெம்ப் வருகிறார்' என்று இருக்கிறது. எழுதும் கைக்கு டாக்பெரி தெரியவில்லை, கெம்ப்தான் தெரிந்திருக்கிறார். கெம்ப் ஆட்டக்காரர், மேடையில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுகிறவர். அவர் போய் ராபர்ட் ஆர்மின் வந்ததும் கோமாளியின் ஜாதகமே மாறிவிடுகிறது: பாட்டு, கசப்பு, புத்திசாலித்தனமான கிண்டல். 'ட்வெல்த் நைட்' ஃபெஸ்டேவும் லியரின் கோமாளியும் அந்தக் குரலுக்கு வெட்டித் தைத்தவை.

ஸ்திரீபார்ட் எல்லாம் பையன்கள். நம் பாய்ஸ் கம்பெனி வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் தலைவலி புரியும்: எந்த மாதம் எவன் குரல் உடையும் என்று சொல்ல முடியாது. 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீ'மில் ஹெலனாவும் ஹெர்மியாவும் ஒருத்தி நெட்டை ஒருத்தி குட்டை என்று ஏசிக்கொள்வது கைவசம் இருந்த இரண்டு பையன்களின் உயரத்தை வைத்து எழுதியது என்றே நினைக்கிறேன். கிளியோபாட்ராவை, 'கீச்சுக்குரல் பையன் ஒருவன் என் பெருமையை மேடையில் கேவலப்படுத்துவான்' என்று சாவதற்குச் சற்று முன் பேச வைக்கிறார். அதைப் பேசுகிறவனே ஒரு பையன். அவன் கொஞ்சம் சொதப்பினாலும் கொட்டகை சிரித்துவிடும். அவன் திறமையைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் இப்படி ஒரு வரியை எழுதத் துணிவார்.

இன்னும் நுணுக்கமான ஒன்று. நடிகருக்கு முழுப் பிரதி தர மாட்டார்கள். கையால் நகலெடுக்கும் செலவு ஒரு பக்கம், வெளியே போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். தன் வசனமும், அதற்கு முந்தைய ஆள் பேசும் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும் எழுதிய சுருள்தான் கைக்கு வரும். அந்தச் சொற்கள்தான் க்யூ. ஏறக்குறைய தினம் ஒரு நாடகம் என்று மாற்றி மாற்றிப் போட்டதால் சேர்ந்து ஒத்திகை பார்க்க நேரமும் குறைவு. இதில் எங்கே தப்பு நடக்கும்? க்யூ சொற்கள் பேச்சின் நடுவிலேயே வந்துவிட்டால் எதிராளி அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடுவார். ஷேக்ஸ்பியர் இந்தத் தப்பையே கருவியாக்கினார். 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' மூன்றாம் அங்கத்தில் ஷைலாக் 'பத்திரப்படி எனக்கு வேண்டும்' என்று ஒரே பேச்சில் மூன்று முறை சொல்கிறான். மூன்றாவதுதான் உண்மையான முடிவு. அன்டோனியோவின் நண்பனாக நிற்பவர் முதல் முறையிலேயே தன் க்யூ வந்துவிட்டது என்று குறுக்கே பேச வருவார், ஷைலாக் அவரை அமுக்கிக்கொண்டு மேலே போவான். அதே பேச்சில் ஷைலாக்கின் வசனம் 'பேசாதே, பேச்சே வேண்டாம்' என்று வேறு இருக்கிறது! எதிராளியின் தடுமாற்றம் நடிப்பே இல்லை, நிஜம். மாளிகையில் உட்கார்ந்து எழுதி அனுப்பும் பிரபுவுக்கு இந்தச் சூட்சுமம் எப்படி எட்டும்?

பிரபு கட்சியினர் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அவர் 1604இல் இறந்துவிட்டார். 'டெம்பஸ்ட்' 1609இல் பெர்முடாவில் நடந்த கப்பல் விபத்துச் செய்திகளைப் பயன்படுத்துகிறது. அதோடு பிளாக்ஃப்ரையர்ஸ். கம்பெனியால் பயன்படுத்த முடியாமல் இருந்த அந்த மண்டபம் 1608இல்தான் அதன் கைக்கு வந்தது. அதிலும் ஷேக்ஸ்பியருக்கு ஏழில் ஒரு பங்கு. கூரை போட்ட அரங்கு, குறைந்த கட்டணமே 6 பென்னி, வெளிச்சம் மெழுகுவர்த்தி. திரி கத்தரிக்க அங்கத்துக்கு அங்கம் இடைவேளை விட்டாக வேண்டும். 'டெம்பஸ்ட்' நான்காம் அங்கக் கடைசியில் பிராஸ்பெரோவும் ஏரியலும் மேடையை விட்டுப் போகிறார்கள், ஐந்தாம் அங்கம் தொடங்கும்போது அதே இருவர் திரும்பி வருகிறார்கள், பிராஸ்பெரோ மந்திர அங்கியோடு. இடைவேளை இல்லாத அரங்குக்கு எழுதிப் பழகியவர் இப்படி எழுத மாட்டார். போனவனே உடனே திரும்பி வந்தால் அபத்தமாக இருக்கும்.

அந்த பிராஸ்பெரோ மந்திரக்கோலை முறிப்பது ஷேக்ஸ்பியரின் ஓய்வு அறிவிப்பு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 'டெம்பஸ்ட்'டுக்குப் பிறகும் ஜான் ஃபிளெட்சரோடு சேர்ந்து எழுதினார். 1613 மார்ச்சில் பிளாக்ஃப்ரையர்ஸ் அரங்குக்குப் பக்கத்திலேயே 140 பவுண்டுக்கு ஒரு வீடு வாங்கினார். மூட்டை கட்டுகிறவர் செய்யும் வேலையா இது?

அதே ஆண்டு ஜூன் 29. குளோபில் 'எட்டாம் ஹென்றி' நடக்கிறது, ராஜா நுழையும்போது பீரங்கி வெடிக்க, பொறி கூரையில் விழுந்தது. ஓடு போடாமல் செலவைக் குறைக்க வேய்ந்த கூரை. அரங்கு முழுவதும் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை, ஒருவரின் கால்சட்டையில் பற்றிய தீயை ஏல் என்ற பீரை ஊற்றி அணைத்தார்களாம். இந்த முறை ஓட்டுக் கூரையோடு மறுபடி கட்டச் சுமார் 1,400 பவுண்டு, பங்குதாரர்கள் தலையில். பதினான்கில் ஒன்று என்றால் 100 பவுண்டு, நியூ பிளேஸின் பத்திர விலையைவிட அதிகம். வயது 49. 1616இல் எழுதிய உயிலில் குளோப் பங்கும் இல்லை, பிளாக்ஃப்ரையர்ஸ் அரங்கின் பங்கும் இல்லை. அந்தப் பணத்தைக் கட்டாமல் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார், எழுத்தும் அதோடு நின்றது என்பது என் கணிப்பு.

உயிலில் மூன்று கம்பெனி ஆட்கள் மட்டும் இருக்கிறார்கள்: ரிச்சர்ட் பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டெல், மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்னி. பர்பேஜ் 1619இல் இறந்தார். மற்ற இருவரும் 1623இல் 36 நாடகங்களைப் பெரும் தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். அதில் 18 அதுவரை அச்சே காணாதவை. 'மக்பெத்', 'ஜூலியஸ் சீசர்', 'ட்வெல்த் நைட்', 'டெம்பஸ்ட்' எல்லாம் அந்தப் பதினெட்டில். கம்பெனியின் சொத்தாக இருந்த பிரதிகள் கம்பெனி ஆட்கள் கையிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது. நாடகம் நாடகமாகப் பல இடங்களில் விற்றுத் தீர்த்த ஹேவுட்டின் 220இல் பெரும்பகுதி இன்று இல்லை.