மோக்கா பொட்டில் எஸ்பிரெசோ வராது, வரவும் வேண்டாம்

கொழும்பில் கொஞ்சம் வெளிநாட்டுத் தொடர்புள்ள எந்தத் தமிழ் வீட்டிலும் குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துழாவிப் பாருங்கள். அடுப்பில் வைத்துக் கோப்பி போடுகிற, எட்டு முகத்தோடு ஒரு அலுமினியப் பாத்திரம் கிடைக்கும். அதுதான் மோக்கா பொட். சுவிஸிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ யாராவது சித்தப்பா, மாமி கொண்டுவந்து தந்திருப்பார்கள். ஒன்றிரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாக் கைக்குது, ஆர் குடிக்கிறது?" என்று ஏற்றிவைத்திருப்பார்கள். அதைக் கீழே இறக்குங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், மன்னிக்கவும்.

ஆனால் ஒரு விடயத்தில் கறாராக இருக்க வேண்டும். மோக்கா பொட் தருவது எஸ்பிரெசோ இல்லை. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் இல்லை. எஸ்பிரெசோ என்பது அமுக்கத்தின் வேலை. கொள்ளுப்பிட்டியில் நீங்கள் குடிக்கிற கஃபேயில், 18 கிராம் அளவு தூளுக்குள்ளால் சுமார் 9 பார் (பார் என்பது அமுக்கத்தை அளக்கிற அலகு) அமுக்கத்தில் சுடுதண்ணி போய், 25, 30 செக்கனில் 36 கிராம் அளவு கோப்பி இறங்குகிறது. அதாவது தூளின் எடையைப் போல இரண்டு மடங்கு. மோக்கா பொட்டில் அமுக்கம் ஒன்றிலிருந்து இரண்டு பாருக்குள்தான். மூன்று கப் பொட் ஒன்றுக்கு 15, 16 கிராம் தூளும் 150 மில்லிலீட்டர் போலத் தண்ணியும் போகும். கணக்கைப் பார்த்தாலே தெரியும், இது வேறு குடிபானம். எஸ்பிரெசோவை விட ஐதானது, நாங்கள் வடித்துக் குடிக்கிற கோப்பியை விட நல்ல தடிப்பு. மேலே அந்தப் பொன்னிற நுரையும் நிற்காது. வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கிற காபனீரொட்சைட்டும் எண்ணெயும் அந்தப் பெரிய அமுக்கத்தில் கலந்தால்தான் அது வரும்.

என் மருமகன் ஒருத்தன் இருக்கிறான், எல்லாவற்றுக்கும் வீடியோ பார்ப்பவன். "மாமா, வீடியோவில நுரை வருது, எங்களுக்கு ஏன் வரேல்ல?" என்று கேட்டான். "பால்மா போட்டு ஆத்தடா, வரும்" என்றேன். அவனுக்குக் கோபம்.

அப்படியென்றால் இதைச் செய்தவர்கள் உலகத்தை ஏமாற்றினார்களா என்றால், அதுவும் இல்லை. அல்போன்சோ பியலெட்டி இந்தப் பாத்திரத்தை வட இத்தாலியில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1933இல். அந்தக் காலத்து இத்தாலியக் கோப்பிக் கடை மெஷின்களும் நீராவி அமுக்கத்தில் ஓடியவைதான், ஒன்றரை இரண்டு பார் போல. அங்கேயும் நுரை இல்லை. கடையில் குடிப்பதை வீட்டிலேயே குடிக்கலாம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் உண்மை. பிறகு அக்கீலே காஜ்ஜியா 1938இல் தன் முறைக்குக் காப்புரிமை எடுத்து, போர் முடிந்த பிறகு கூடின அமுக்கம் தருகிற நெம்புகோல் மெஷினைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். 1961இல் ஃபயேமா கம்பனியின் இ61 மெஷின் மின்பம்பியோடு வந்தது. கடைக் கோப்பி மாறிவிட்டது, வீட்டுப் பாத்திரம் மாறவில்லை. மாறாததற்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பியலெட்டியின் மகன் ரெனாட்டோ 2016இல் இறந்தபோது அவருடைய சாம்பலை மோக்கா பொட் வடிவக் கலசத்தில்தான் வைத்தார்கள். அந்த ஊரில் இது அவ்வளவு பெரிய சாமான்.

இப்போது வீட்டில் எஸ்பிரெசோ வேண்டும் என்பவர்களுக்கு விற்கப்படுகிற மெஷின்களுக்கு வருகிறேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் '15 பார்' என்று இருக்கும். அது பம்பியால் அதிகபட்சம் முடிகிற அளவு. நல்ல எஸ்பிரெசோவுக்கு 9 போதும், அதுவும் தூள் மிக நைசாக, ஒரே சீராக அரைபட்டிருந்தால். அப்படி அரைக்கிற கிறைண்டரின் விலை அந்த மெஷினையே தாண்டிவிடும். அதனால்தான் மலிவு மெஷின்களில் இரட்டை அடிப் பில்டர் ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் ஒரு சின்னத் துளையால் பீச்சியடித்து நுரை காட்டும். பார்க்க எஸ்பிரெசோ, குடித்தால் தண்ணி. எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினார். உத்தரவாதம் முடிந்து கொஞ்ச நாளில் பம்பி போனது, திருத்தக் கொடுத்தால் பாகம் இல்லை என்றார்கள். இப்போது அது பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது, அதற்கு மேலே பழைய பேப்பர்.

மோக்கா பொட்டில் பழுதாக என்ன இருக்கிறது? ஒரு றப்பர் வளையம், கீழ்ப்பாத்திரத்தின் பக்கத்தில் ஆவி வெளியேற ஒரு வால்வு. வளையம் காய்ந்து இறுகினால் மாற்றுவது அரை நிமிட வேலை. கரண்டும் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். (அந்த நேரம் காஸும் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். மண்ணெண்ணெய் அடுப்பிலும் போட்டுக் குடித்தோம், வாசம் கொஞ்சம் அப்படி இப்படித்தான்.) அதற்குப் பிறகு இண்டக்ஷன் குக்கருக்கு மாறிய வீடுகளுக்கு ஒரு குறிப்பு: அலுமினிய பொட் அதில் சூடாகாது. அதற்கென்று வருகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, ஏன் கைக்கிறது? கீழ்ப்பாத்திரத்தில் அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து, தண்ணியைப் புனல் வழியே மேலே தள்ளுகின்றன. தண்ணி தூளுக்குள்ளால் ஊறி மேல்பாத்திரத்துக்கு ஏறுகிறது. தண்ணி மட்டம் புனலின் வாய்க்குக் கீழே இறங்கியதும் ஆவி நேராகத் தூளுக்குள் பாய்கிறது. அந்தக் கொறகொற சத்தம் அதுதான். பல வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால்தான் கோப்பி சரி என்று நினைக்கிறார்கள். சத்தம் ஓய்ந்த பிறகு இறக்குகிறவர்களும் உண்டு. கைப்பு முழுக்க அந்தக் கடைசி நேரத்தில்தான் வருகிறது.

நான் கேத்திலில் தண்ணியைக் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுவேன், வால்வுக்குச் சற்றுக் கீழே வரை. பச்சைத்தண்ணி ஊற்றி அடுப்பில் வைத்தால், அது சூடேறுகிற நேரமெல்லாம் மேலே இருக்கிற தூளும் சேர்ந்து வேகும். தூளைப் புனலின் மேலுள்ள கிண்ணம் நிறையப் போட்டு, பக்கத்தில் தட்டிச் சமப்படுத்தினால் போதும். கரண்டியால் அமுக்கவே கூடாது. இது எஸ்பிரெசோ மெஷின் இல்லை, இரண்டு பாருக்கு அமுக்கின தூளைத் தாண்டத் தெரியாது. விளிம்பில் ஒட்டியிருக்கிற தூளை விரலால் வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வளையம் சரியாகப் பிடிக்காமல் புரிப்பக்கத்தால் தண்ணி கசியும். கீழ்ப்பாகம் சுடும், துவாயால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். கைபிடியைப் பிடித்து முறுக்குவது கைபிடியை உடைக்கிற வழி.

நெருப்பு விடயத்தில்தான் எங்கள் வீடுகளில் பிழைக்கிறது. எங்கள் காஸ் அடுப்புகள் சோற்றுப் பானைக்குச் செய்தவை. மூன்று கப் பொட்டை அதன் கம்பிக்கு மேல் வைத்தால் ஒரு பக்கம் சரியும், சுவாலை அடியைத் தாண்டிக் கைபிடியை நக்கும். உருகின கைபிடிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தோசைக்கல்லை வைத்து அதற்கு மேல் பொட்டை வையுங்கள். சூடு பரவி, மெதுவாக ஏறும். மூடியைத் திறந்தே வைத்துப் பாருங்கள். முதலில் கறுப்பாக, தேன் போலத் தடித்து, தயங்கித் தயங்கி வரும். பிறகு மண்ணிறம். பிறகு வைக்கோல் நிறத்தில் குமிழி விட்டுத் துள்ளத் தொடங்கும். அந்த நிறம் மாறுகிற இடத்தில் இறக்கி, அடியைக் குழாய்த் தண்ணியில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். ஊற்ற முதல் ஒரு கரண்டியால் கலக்குங்கள், முதல் வந்தது தடிப்பு, கடைசி வந்தது ஐது.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் குற்றம் தூளில். சுப்பர்மார்க்கெட்டில் பக்கெட்டில் வருகிற கோப்பித்தூள் பெரும்பாலும் கேத்தில் கோப்பிக்காக அரைத்தது. மா மாதிரி நைசு, வறுவலும் கரிக்குக் கிட்ட. அதை மோக்கா பொட்டில் போட்டால் பில்டரை அடைக்கும், இல்லாவிட்டால் கோப்பையின் அடியில் சேறாக இறங்கும். அம்மாமார் மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடிக்கிற தூளும் இதற்கு வேண்டாம். அந்தக் கோப்பியை நான் ஒரு சொல் குறைவாகச் சொல்லமாட்டேன், மழை நாளில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதற்குரிய இடம் கேத்திலும் வடியும்தான். பொட்டுக்கு வேண்டியது தொட்டால் சீனியை விடக் கொஞ்சம் நைசாகத் தெரிகிற தூள். மெஷினுக்குப் போடுகிற காசில் ஒரு பங்கைக் கையால் சுற்றுகிற நல்ல கிறைண்டர் ஒன்றுக்குப் போடுங்கள், மிச்சத்துக்குக் கொட்டை வாங்குங்கள். கொழும்பு ஈரக்காற்றில் அரைத்த தூளின் வாசம் நாட்கணக்கில் போய்விடும். கொட்டையாக இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

கொட்டைக்கு வெளிநாட்டைப் பார்க்கத் தேவையில்லை. "நாங்கள் தேத்தண்ணிச் சனம், கோப்பி எங்களுக்கு எதுக்கு" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இந்தத் தீவின் மலைநாட்டில் பெருந்தோட்டப் பயிராகத் தேயிலைக்கு முதல் வந்தது கோப்பிதான். மலையகத் தமிழர்களின் முன்னோர் தலைமன்னாரிலிருந்து காட்டுப்பாதையால் மாத்தளைக்கு நடந்தது தேயிலைக்காக இல்லை, கோப்பித் தோட்டங்களுக்காக. வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 2023இல் இருநூறு வருட நினைவாக அதே பாதையில் நடந்தார்கள். உலகத்தின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில் 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டது. இன்றைக்கும் நுவரெலியா, பதுளைப் பக்கம் அரபிக்கா இனக் கோப்பி இருக்கிறது. கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் கனமும் கைப்பும் கூடின ரொபஸ்டா இனம் இருக்கிறது. ரொபஸ்டா என்றால் மூக்கைச் சுளிக்கிறவர்கள் கவனிக்க: இத்தாலியில் மோக்காவுக்கு விற்கிற கலவைகள் பலவற்றில் ரொபஸ்டா உண்டு. பாலோடு குடிக்கிறவர்களுக்கு அந்தக் கனம்தான் தேவை. என் கணக்கில் மூன்று பங்கு அரபிக்காவும் ஒரு பங்கு ரொபஸ்டாவும் நன்றாக வருகிறது, நடுத்தர வறுவலில்.

பால் என்றதும், கஃபே மாதிரி ஆவியில் நுரைத்த பால் வேண்டுமென்று கஷ்டப்படாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவை மிகக் கொஞ்சம் சுடுதண்ணியில் கட்டியில்லாமல் குழைத்து, அதற்கு மேல் பொட்டிலிருந்து நேராக ஊற்றி, ஒருமுறை ஆற்றிக் குடித்துப் பாருங்கள். கஃபேயில் தருகிற லாட்டேயை விட எனக்கு இதுதான் பிடிக்கும். இதைச் சொன்னதற்காக என்னை நட்பு நீக்குகிறவர்கள் தாராளமாக நீக்கலாம்.

தண்ணியைப் பற்றியும் ஒன்று. கொழும்புக் குழாய்த் தண்ணி மென்மையானது, பிரச்சினை குறைவு. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணியில் போட்டால், கேத்தில் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு இங்கேயும் பிடிக்கும். கீழ்ப்பாத்திரத்தில் பிடித்தால் சுரண்டலாம். வால்வில் பிடித்தால் ஆபத்து, ஏனென்றால் பில்டர் அடைபட்டால் ஆவி வெளியேற இருக்கிற ஒரே வாசல் அதுதான். ஊரில் போடுகிறவர்கள் போத்தல் தண்ணி பாவியுங்கள், வால்வின் முனையை இடைக்கிடை விரலால் அசைத்துப் பாருங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது, பழைய கோப்பிப் படலம் இருந்தால்தான் ருசி என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் படலம் எண்ணெய், எங்கள் வெக்கைக்கு அது சிக்குப் பிடித்து நாறும். மென்மையான பஞ்சால் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கம்பித் தும்பால் தேய்க்காதீர்கள், டிஷ்வோஷருக்குள் போடவே வேண்டாம், கறுத்துவிடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் ஈரத்தோடு பூட்டி வைத்தால் உள்ளே வெள்ளையாகப் பூக்கும். கழற்றி, துடைத்து, மூன்று துண்டாகவே விட்டுவிடுங்கள்.

எந்த அளவு வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். 'ஆறு கப்' என்று போட்டிருந்தால் அது இத்தாலியக் கப், ஒன்று 50 மில்லிலீட்டர் போல. எங்கள் வீட்டுக் கோப்பையில் பாலோடு இரண்டு பேருக்கு மூன்று கப் பொட் சரி, நாலு பேருக்கு ஆறு கப். பெரியதை வாங்கிப் பாதி நிரப்பிப் போடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். கிண்ணம் நிறையாவிட்டால் தண்ணி தூளைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். தனியாகக் குடிக்கிறவர் ஒரு கப்போ இரண்டு கப்போ போடுகிற சின்னதைத் தேடி வாங்குங்கள். தோசைக்கல் அதற்குக் கட்டாயம் வேண்டும், அடுப்புக் கம்பிக்கு நடுவால் விழுந்துவிடும்.