ஃபார்வர்டை விடுங்கள், அலர்ட் போடுங்கள்

மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அதனால்தானோ என்னவோ, எங்கள் தீவின் வாட்ஸ்அப் குழுக்களில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் சுற்றுவது சர்க்கரை வைத்தியம்தான். நான் வேலை பார்க்கும் ரோஸ் ஹில் மருந்துக்கடையில் யாராவது ஒரு தாந்தின் (எங்கள் கிரியோலில் அத்தை, சித்தி மாதிரி) போனை நீட்டி, "இந்தப் புது மருந்து வந்துவிட்டதா?" என்று கிரியோலில் கேட்பது வாடிக்கை. வாங்கிப் பார்த்தால் அது எலிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தாக இருக்கும். எலிக்குக் குணமானது உண்மைதான். தாந்தினுக்கு அது வந்து சேர எத்தனை வருடமாகுமோ, வராமலே போனாலும் போகலாம்.

என் கட்சி இதுதான்: தீராத நோய் உள்ள வீட்டில், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று, மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் அலர்ட் போட்டு வைக்கட்டும். நாம் கேட்ட விஷயத்தில் புதுக் கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் சொல்லும் ஏற்பாடுதான் அலர்ட். ஃபார்வர்டில் வருவது யாரோ நம் தலையில் கட்ட நினைத்தது. அலர்ட்டில் நாம் கேட்டதற்குத்தான் பதில் வரும்.

பப்மெட்டை நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். 1997 முதல் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். 3 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் அதில் இருக்கின்றன. தேடல் பெட்டியில் கேள்வியைத் தட்டித் தேடினால், பெட்டிக்குக் கீழேயே 'கிரியேட் அலர்ட்' என்று இருக்கும். அழுத்தினால் உள்ளே நுழையச் சொல்லும். கூகுள் கணக்கே போதும். அப்புறம் தினமா, வாரமா, மாதமா என்று கேட்கும். தினமும் வேண்டவே வேண்டாம், மூன்றாம் நாளே திறக்காமல் அழிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். மாதம் ஒருமுறை வந்தாலே வீட்டுக்கு எதேஷ்டம். கட்டுரைச் சுருக்கமும் சேர்ந்து வரும்படி போடுங்கள். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் மின்னஞ்சல் அனுப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பலர் அதை வேண்டாம் என்பார்கள், நான் டிக் செய்துதான் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால், புதிதாக எதுவும் வரவில்லையா, அலர்ட்டே செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

வேலையெல்லாம் கேள்வியை அமைப்பதில்தான். மொரீஷியஸ், டயாபடீஸ் என்று இரண்டு சொல்லை மட்டும் போட்டுப் பாருங்கள், நடுவில் குரங்குகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் காட்டிலுள்ள நீளவால் குரங்கு உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் ஏற்றுமதியாவது தெரிந்த சங்கதிதானே, கட்டுரைகளில் அதன் பெயரோடு ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு, எழுதியவரின் முகவரியில் மொரீஷியஸ் இருந்தாலும் அதையும் பொறுக்கி எடுத்துவரும். 'ஹியூமன்ஸ்' என்ற வடிகட்டியைப் போட்டால் குரங்கு போய்விடும். ஆனால் அந்த வடிகட்டி நூலகம் ஒட்டும் பொருள் அடையாளத்தைப் பார்த்து வேலை செய்வது. அடையாளம் ஒட்டாத கட்டுரைகளும் நிறைய உண்டு, மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தாலும் அவையும் சேர்ந்து காணாமல் போகும். அதைவிட, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று கட்டுப்படுத்துவது மேல். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இரண்டும் இருக்க வேண்டுமென்றால் ஆண்ட் (AND), ஏதாவது ஒன்று போதுமென்றால் ஆர் (OR), இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இந்திய வம்சாவளியான நம் மக்களை ஆய்வாளர்கள் ஒரே பெயரில் எழுதுவதில்லை. சவுத் ஏஷியன், ஏஷியன் இண்டியன், இண்டோ மொரீஷியன் எல்லாவற்றையும் ஆர் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு சின்னத் தீவை யார் ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 1987-இல் இங்கே ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1987-இலும் 1992-இலும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1995-இல் ஒரு கட்டுரை வந்தது. மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. உடல் பருமன் மட்டும் கூடியிருந்தது, சர்க்கரை பெரிதாக அசையவில்லை. நம் மாமியார்கள் அடுப்பில் ஊற்றிய எண்ணெய் உலக மருத்துவ இலக்கியத்தில் ஏறிய கதை இது, இங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதை மேற்கோள் காட்டிப் புதிதாக எது வந்தாலும் சொல் என்று, கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரில் அலர்ட் போடலாம். ஸ்காலரை நான் அதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். மற்றபடி அதன் வலையில் மீனோடு பாசியும் ஏராளமாக வரும்.

வந்ததெல்லாம் வேதவாக்கு இல்லை. 2020 மே மாதம், கோவிட்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் மருந்தைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய கட்டுரையை, அடிப்படைத் தரவைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெற்றார்கள். பப்மெட்டில் அதன் தலையிலேயே 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறி இருக்கும். குடும்பக் குழுவில் போன செய்தியின் தலையில் யார் குறி போடுவது? 'ப்ரீபிரிண்ட்' என்று போட்டிருந்தால் சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிட்டது என்று அர்த்தம், படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எல்லாம் தலைசுற்றலாக இருந்தால், ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் திரட்டி அலசும் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' கட்டுரைகளுக்கான வடிகட்டியைப் போட்டு அதற்கு மட்டும் அலர்ட் வையுங்கள், சரியா? இப்படிப்பட்ட தொகுப்புகளை வெளியிடும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளுக்கு எளிய மொழிச் சுருக்கம் உண்டு, பிரெஞ்சிலும் கிடைக்கும், சிலது தமிழிலேயே இருக்கிறது.

அலர்ட்டில் வந்ததைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது, பாதியாகக் குறைப்பது எல்லாம் கூடாது. கட்டாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் டாக்டரை மிரட்டவும் வேண்டாம். அரசு மருத்துவமனை வரிசையில் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு கட்டுரை, அதில் ஒரு கேள்வி: "இது எங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா, அவர் சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்போது?" அவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். நோய் ஓரிடத்தில் நிற்காது. சர்க்கரைக்கென்று போட்ட அலர்ட் பழையபடியே வந்துகொண்டிருக்கும், அதற்குள் வீட்டில் கவலை கண்ணுக்கோ காலுக்கோ போயிருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் புதிதாக ஒரு சொல் ஏறும்போது தேடலிலும் அதை ஏற்றி, பழையதை நிறுத்திவிடுங்கள்.