ஒரு இலக்கத்தை அழிக்கப் போய் ஒரு வரியே போனது

காலையிலிருந்து இது மூன்றாவது அழைப்பு. "ஒரே ஒரு இலக்கத்தைத்தான் அழித்தேன், முழு வரியும் காணவில்லை." அழைத்த உள்ளீட்டாளர் அம்மா பொய் சொல்லவில்லை. கர்சர் கட்டத்துக்குள் நின்றால் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் படிவத்தில் டெலிட் விசை ஓர் எழுத்தைத் தின்னும். இடது ஓரத்துச் சாம்பல் பட்டையில் மவுஸ் தவறிப் பட்டிருந்தால் அதே விசை முழுப் பதிவையும், அதாவது அந்த வரியையே, விழுங்கிவிடும். நாள் முழுக்கத் தாளைப் பார்த்துத் தட்டுகிறவர் அந்தப் பட்டை கறுத்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பார்?

"அழிக்கவா?" என்று ஒரு பெட்டி கேட்குமே என்பீர்கள். கேட்காது. இதை எழுதிவிட்டுப் போன மகானுபாவர், தரவை மாற்றும் ஏதோ ஒரு வினவலை ஓட்டும்போது பெட்டி எழும்பித் தொல்லை தந்ததென்று எச்சரிக்கைப் பெட்டிகளை அடக்கும் செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ் கட்டளையைப் போட்டிருக்கிறார். மறுபடி ட்ரூ ஆக்க மறந்துவிட்டார். அது அந்த ஒரு வினவலோடு நிற்காது, திறந்திருக்கும் ஆக்சஸ் முழுவதற்குமே வாய்ப்பூட்டு. அதன் பிறகு எதை அழித்தாலும் 'ஆம்' என்று தானே பதில் சொல்லிக்கொள்கிறது. மூடித் திறந்தால்தான் அதற்கு மறுபடி வாய் வரும்.

இன்னொரு படிவத்தில் வேறொருவர் வைத்தியம் பார்த்திருக்கிறார். விசை எதுவும் முதலில் படிவத்துக்கே வரும்படி கீபிரிவ்யூவை இயக்கி, விசை அழுந்தும்போது ஓடும் கீடவுன் நிகழ்வில் 46 வந்தால் பூஜ்யமாக்கு, முடிந்தது கதை. 46 என்பது டெலிட் விசையின் எண். விளைவு? எந்தக் கட்டத்திலும் அந்த விசையால் ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அப்படியாவது பதிவுகள் பிழைத்தனவா என்றால் அதுவும் இல்லை. மேல் பதிவில் இருப்பதை அப்படியே கீழே இறக்க கண்ட்ரோலோடு மேற்கோள் குறியை அழுத்துவது உள்ளீட்டாளர்களின் அன்றாடப் பழக்கம். கண்ட்ரோலிலிருந்து விரல் எடுக்கத் தாமதித்துக் கழித்தல் குறியைத் தொட்டுவிட்டால் தீர்ந்தது, நிற்கிற பதிவு போய்விடும். சாம்பல் பட்டையைத் தொடக்கூட வேண்டாம். அந்த வழியை 46 எப்படித் தடுக்கும்?

விசையை ஏன் ஐயா துரத்துகிறீர்கள்? பதிவை அழிக்க மெனு இருக்கிறது, வலது சொடுக்கு இருக்கிறது, வெட்டி எடுப்பதும் இருக்கிறது. படிவத்தில் எந்த வாசல் வழியாக வந்தாலும் பதிவு அழியும் முன் ஓடும் டெலிட் நிகழ்வைக் கடந்துதானே ஆகவேண்டும்? அங்கே கேன்சல் ட்ரூ என்று நிறுத்துங்கள். அல்லது அழிக்க அனுமதிக்கும் அலோ டெலிஷன்ஸ் பண்பை 'இல்லை' ஆக்கிவிட்டு, அழிப்பதற்கென்று தனிப் பொத்தான் வையுங்கள். ஒருவர் உறுதிப் பெட்டி எழுமுன் ஓடும் பிஃபோர்டெல்கன்ஃபர்ம் நிகழ்வில் அழகான கேள்வி எழுதி வைத்திருந்தார். பாராட்டத்தான் நினைத்தேன். பயனரின் கணினியில் உறுதி கேட்கும் விருப்பத்தை எடுத்துவிட்டால் அந்த நிகழ்வே நிகழாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பழைய தரவுத்தள மென்பொருளான டிபேஸில் அழித்த பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். குறி விழுந்தவற்றை நிரந்தரமாக நீக்கும் பேக் கட்டளை கொடுக்கும்வரை பதிவு அங்கேயே கிடக்கும், ரீகால் என்றால் திரும்பி வரும். தாத்தா காலத்து மென்பொருளுக்கு இருந்த நிதானம் இதற்கு இல்லை.

மதியம் உட்கார்ந்து தாளைப் பார்த்து அந்த வரியை மறுபடி தட்டினோம். பதிவுக்குப் பதிவு ஆக்சஸ் தானே போடும் தானியங்கி எண் பழைய எண்ணைத் திருப்பித் தரவில்லை, புதிதாக ஒன்றைக் கொடுத்தது. அந்தப் பதிவோடு கூடவே அழியும்படி உறவு அமைத்திருந்த பதினொரு துணை வரிகளும் போயிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய எண் அச்சான ரசீது ஏற்கெனவே வெளியே போய்விட்டது. நாளை அதை எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார், அந்த அம்மா தேடிப் பார்த்துவிட்டு "அப்படி எதுவும் இல்லையே" என்பார்.